இடது காலுக்கு வேலை இல்லை

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு காரைப் பார்த்துப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? வில்லியனூரில் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன், புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை ஸ்கூல் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"டீச்சர், நீங்க ஓட்டுங்க. சுத்துக்கேணி வரிக்கும் போயிட்டு வருவோம்."

பயிற்சிக்கு வந்த பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேணாம்பா" என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் அவர்களை விரட்டுகிற வாய் அது.

ஏறினால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. முன்னால் போன பஸ்ஸின் சக்கரம் என் முகத்துக்கு நேராக உருண்டது. "கிளட்ச் இல்ல டீச்சர். இடது காலுக்கு வேலையே இல்ல, அத மறந்துடுங்க" என்றான். பிழைப்பே கியர் வண்டியில் நடத்துகிறவள், அந்தக் காலை எப்படி மறப்பது? சீட்டுப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஆக்ஸிலேட்டரைத் தொட்டதுதான் தாமதம், வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பையன் சிரித்தான். நானோ, யார் மேலேயும் மோதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

சுத்துக்கேணிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். "மேல ஏத்திக்கினு போங்க!" என்று ஓரத்தில் நின்ற பெண்கள் கையாட்டினார்கள். இதுவோ வயிறு தரையைத் தொடுகிற வண்டி. காய்ந்த செடி அடியில் சிக்கிச் சூட்டில் பற்றிக்கொண்டால்? அந்தப் பதற்றத்தில் இடது கால் தானாகப் பாய்ந்து கிளட்சை மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்.

வண்டி அறைந்த மாதிரி நின்றது. பின்னால் டயர் தேய்கிற சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு மொபெட் கோணலாகச் சறுக்கி, எங்கள் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டியவரின் கால்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் பிரேக் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் திட்டினால் அழுதுவிடலாம் என்றிருந்தது. ஆனால் உளுந்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

"ஏறிப் போங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார்.

குழந்தை இறங்கி வந்து காரைத் தடவியது. "இன்னா காருப்பா இது!"

"புள்ள ஆசப்படுது. மடியில வச்சிக்கினு அந்த முனை வரிக்கும் ஓட்டிக் காட்டுங்களேன்."

என் மடியில். அந்த ஸ்டியரிங்குக்கு முன்னால்.

"முடியாது" என்றேன். நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது குரல். குழந்தையின் முகம் சுண்டிப்போயிற்று.

அவர் அவளைத் தூக்கி மொபெட்டில் நிறுத்தினார். "வாடி. பெரிய காருல போறவங்க நம்மள எல்லாம் ஏத்துவாங்களா?" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டு, உளுந்தின் மேல் ஏறிப் போனார்.

பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால், எதற்கு என்று கேட்டிருப்பார். கால் தவறித்தான் பிரேக்கை மிதித்தேன், உங்கள் குழந்தை ஒரு சாணில் தப்பியது என்று சொன்னபிறகு அந்தக் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு அவரால் வீடுவரை ஓட்டியிருக்க முடியுமா? திமிர் பிடித்தவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.