"இல்லை" என்று அக்கா எழுதிய படிவம்

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உறவினர்கள் பலர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. "ஒரு பழக்கமும் இல்லாத பொம்பளைக்கு வாயில எப்டிப்பா புத்து வந்துது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

பண்டசோழநல்லூரில் பிறந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா. மாமா காலமானபோது மகன் கைக்குழந்தை. நடவுக்கும் கரும்பு வெட்டவும் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தார். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக நிற்பார். அதனால்தான், நம் பக்கத்துப் பெண்களுக்கு வாய்ப் புற்றுநோய் ஏன் வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று பல ஊர் மருத்துவர்கள் சேர்ந்து ஆய்வு தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலைக்கு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். அரிவாள் பிடித்த கையில் பேனா வந்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

படிவத்தில், "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று ஒரு கேள்வி. "ஆம்" என்றால் எத்தனை வருடமாக, யார் வாங்கித் தருகிறார்கள் என்று கீழே துணைக்கேள்விகள். பெண்கள் எல்லோரும் "அதெல்லாம் இல்லக்கா" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் பழக்கம் என்றால் குடியும் பீடியும்தான், ஆண்கள் சமாச்சாரம். சோறு தின்றபின் வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலையை அடக்கிக்கொள்வதை யார் பழக்கத்தில் சேர்ப்பார்கள்? அக்கா எல்லோருக்கும் "இல்லை" என்று எழுதினார். தனக்கும் அப்படியே எழுதிக்கொண்டார்.

கன்னத்தின் உட்புறம் வந்த புண் ஆறாமல் இருந்ததால் ஆய்வு செய்த டாக்டர் அம்மாவிடமே காட்டினோம். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தனை வருஷமா புகையிலை போடறீங்க?"

"வெத்தலையோட கொஞ்சம் போயில வச்சிக்குவேன். அவ்ளோதாம்மா."

அக்கா கையோடு கொண்டுவந்திருந்த படிவப் பையிலிருந்து அவருடைய படிவத்தை டாக்டர் அம்மா எடுத்துப் பார்த்தார். "படிவத்துல இல்லன்னு எழுதியிருக்கீங்களே!"

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே வந்து உட்கார்ந்தவர் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "எல்லா வூட்டுதும் தப்பா எழுதிட்டேன்டா" என்றார். அந்தப் படிவங்கள் அப்படியே போனால், இங்குள்ள பெண்களுக்குப் புகையிலையால் நோய் வருவதில்லை என்று ஆய்வு சொல்லிவிடும். பத்து நாளில் படிவங்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள்.

நான் சண்டை போட்டேன். "ஒன் உசுருக்கே ஆபத்து, இப்ப ஊரப் பத்தி இன்னா கவலை? நீயே போயி சொன்னா, தானா வரவழச்சிக்கினான்னு பேசுவாங்க" என்று கத்தினேன். படிவப் பையைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவுமில்லை, என் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கவுமில்லை. மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்தேன்.

அவரால் சரியாகப் பேச முடியாததால் நான் கேட்டேன், அவர் எழுதினார். டாக்டர் அம்மாவிடம் சொல்லிக் கேள்வியை மாற்றியதும் அக்காதான்: "வெத்தலைல இன்னா இன்னா வச்சிப் போடுவீங்க?" பெண்கள் விரல் மடக்கிச் சொன்னார்கள்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. பழைய பதிலை அழிக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளிலும் அக்கா தெருத் தெருவாக வந்தார்.

கடைசி நாள் மதியம் அக்காவின் படிவம் மட்டும் மீதி. அதை நான் நிரப்பினேன். "யார் வாங்கித் தருகிறார்கள்?" என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. அக்கா அந்த இடத்தில் விரலை வைத்து, "வுடுடா, நானே வாங்கனன்னு எழுது" என்று குழறினார். வேலை முடிந்து வரும்போது கடையில் அந்தப் போயிலைப் பொட்டலத்தை வாரம் தவறாமல் வாங்கிக் கொடுத்தவன் நான். பையைப் பூட்டி வைத்தது அக்காவின் மானத்துக்காக அல்ல, இந்த ஒரு வரிக்காகத்தான். "தம்பி" என்று எழுதிக் கொடுத்தேன்.

படிவங்கள் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன. "ஆம்" என்று திருத்திய பெண்களை மறுபடி அழைத்துப் பரிசோதித்ததில், சிலருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் குணமாக்கினார்கள். அக்காவுக்குக் காலம் கடந்துவிட்டது.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், கேட்ட நேரத்தில் வண்டி எடுத்த பக்கத்து வீட்டார், முகம் சுளிக்காமல் இரண்டாம் முறையும் பதில் சொன்ன பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அத்தையிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். கருமாதிப் படையலின்போது அவர், "அவளுக்குப் புடிச்சதாச்சேடா, ஓடிப்போயி ஒரு பொட்டலம் போயில வாங்கியா" என்றார். அத்தனை பேர் முன்னாலும் "மாட்டேன்" என்று கத்திவிட்டேன். அத்தை அழுதுவிட்டார். அந்த "மாட்டேன்" என்ற சொல்லை, அக்கா உயிரோடு இருந்து கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.