கிணற்றைச் சுற்றிய நத்தை

பல்செட் செய்வது அவள் தொழில். லேப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டுப் பார்த்து, கடைசியில் மெருகேற்றி டப்பாவில் போட்டு அனுப்புவாள். வாய் வரும், ஆள் வரமாட்டார். பத்தொன்பது வருடங்களில் தான் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு சிரித்த ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் குறையும் இல்லை.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். தம்பி கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இருவருக்கும் கணினி விளையாட்டுப் பைத்தியம். ஒரே கூடத்தில் இரண்டு ஸ்கிரீன்கள், முதுகுக்கு முதுகாக இரண்டு நாற்காலிகள். அவள் ஆடுவது ஆன்லைனில், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உலவும் உலகம். அவன் ஆடுவது தனி ஆட்டம். அந்த ஆட்டத்தின் கதையில் அவன் ஒருவன்தான் உயிருள்ளவன். மற்றவர்கள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டவர்கள்.

இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை ஆறு வருடங்களாக நடக்கிறது. நான் இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் அரை உண்மைதான் இருந்தது.

"நான் எழுந்து தண்ணி குடிக்கப் போனா என் உலகம் எனக்காக நிக்கும்" என்பான் தம்பி. "உன் உலகத்துல நீ செத்துக் கிடந்தாலும் சந்தை நடக்கும்."

"உன் ராஜகுமாரிகிட்ட பேச உனக்கு நாலு பதில் குடுத்திருக்கான். நாலும் எவனோ எழுதினது. அதுக்கு நீ அரை மணி நேரம் யோசிக்கிற."

"யோசிப்பேன். தப்பாப் போனா முன்னாடி சேவ் பண்ணி வச்ச இடத்துக்குப் போயி வேற பதில் சொல்லுவேன். கடையில ஒரு தரம் கோடு கிழிச்சா கிழிச்சதுதான், வீட்டுலயாவது திரும்பிப் போக ஒரு இடம் வேணாமா?"

"நானும் என் கூட்டாளிங்களும் பொய் உலகத்துல இருந்தாலும் நிஜ மனுஷங்கடா."

"நிஜ மனுஷங்களா? அந்த நத்தைக்கு என்ன பேரு, சொல்லு பாப்போம்."

நத்தையின் நிஜப் பெயர் அவளுக்குத் தெரியாது. கோபத்தை ஹெட்செட்டை மாட்டுவதில் காட்டுவாள்.

அவள் குழுவில் மூன்று பேர். விளையாட்டில் அவள் பெயர் கடவாய். முன்னால் நின்று அடி வாங்குகிறவர் கோடாலி, வாயாடி. காயம் பட்டால் ஆற்றுகிறவர் நத்தை. எங்கே போனாலும் கடைசியாக வந்து சேருவதால் அந்தப் பெயரைக் கோடாலிதான் வைத்தார். அவருக்கும் அது பிடித்துப் போயிற்று. மற்ற இருவரும் மைக்கில் பேசுவார்கள். நத்தை ஒரு வார்த்தை பேசியதில்லை, தட்டச்சு மட்டும்தான். ஆறு வருடங்களில் அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது மூன்று விஷயம்: தனியாக இருக்கிறார், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், காரம் ஆகாது.

விளையாட்டில் ஒரு விதி உண்டு. கால் மணி நேரம் அசையாமல் நின்றால் வெளியே தள்ளிவிடும். விடுமுறை நாளில் தள்ளப்பட்டால் திரும்ப உள்ளே வர ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதற்கு நத்தை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாப்பிடப் போகும்போது கன்ட்ரோலரின் குச்சியில் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிவிடுவார். குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். ஸ்கிரீனில் அவருடைய உருவமான பச்சை அங்கிக்காரன் ஊர் நடுவிலிருக்கும் கிணற்றை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். நத்தை சுற்றினால் சாப்பிடுகிறார் என்று பொருள். அதைப் பார்த்து அவர்களும் எழுந்து போய்ச் சாப்பிடுவார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றரைக்கு நத்தை எழுதினார்: "ஊசி போட்டாச்சு. சாப்பிட்டு வரேன்." பச்சை அங்கி கிணற்றைச் சுற்றத் தொடங்கியது.

வெளியே தள்ளப்படாமலிருக்க நடுநடுவே தன் கன்ட்ரோலரைத் தட்டிவிடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு அவள் துணி துவைத்தாள், சமைத்தாள், சாப்பிட்டாள். ஒன்றரைக்கு வந்து பார்த்தால் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு விருந்து போல" என்றார் கோடாலி.

"சாப்பிட்டுத் தூங்கிட்டாரோ என்னவோ" என்றாள் அவள். விளையாட்டில் தன் கையிருப்பில் இருந்த விளக்குகளில் ஒன்றை எடுத்து அவர் நடக்கும் வட்டத்தின் ஓரத்தில் வைத்தாள், வேடிக்கைக்கு. கோடாலி இன்னொன்று வைத்தார். அந்தப் பக்கம் போன முன்பின் தெரியாத ஆட்கள்கூட நின்று ஆளுக்கொன்று வைத்தார்கள். சற்று நேரத்தில் நாற்பது விளக்குகளுக்கு நடுவே நத்தை சுற்றினார்.

"நல்லா நடக்கட்டும், சர்க்கரை குறையும்" என்றார் கோடாலி.

அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள் என்று தம்பி பிறகு சொன்னான். அவள் மறுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வாக்கியம் திரும்பி வந்தது. சர்க்கரை குறையும். அவளுடைய அப்பாவும் ஊசி போட்டுக்கொண்டவர். ஊசி போட்டு அரை மணிக்குள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், இல்லையென்றால் கை நடுங்கும், பேச்சு குழறும், பிறகு ஆள் சரிந்துவிடுவார். ஊசி போட்டாச்சு என்று நத்தை எழுதியிருந்தார். சாப்பிட்டாச்சு என்று எழுதவில்லை.

குழாயை மூடாமல் கூடத்துக்கு ஓடினாள். சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே வேகம், ஒரே வட்டம். மூன்றரை மணி நேரமாக அது ஒரு ரப்பர் பேண்டின் நடை. அவர்கள் அதை ஒரு மனிதனின் நலமாக எடுத்துக்கொண்டார்கள்.

"டேய், இங்க வா."

தம்பி திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் தன் ஆட்டத்தை நிறுத்தினான். நிறுத்தினால் நின்றுவிடும் ஆட்டம்.

அவள் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "ஃபோன் நம்பர்?"

"இல்ல."

"ஊரு?"

"தெரியாது."

பெயர் என்ன என்ற அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. அதற்காக அவனைப் பாராட்டலாம். நான் அவனைப் பாராட்டும் இடங்கள் அதிகமில்லை.

ஹெட்செட்டில் விஷயத்தைக் கேட்டதும் கோடாலியின் குரல் சுருங்கிவிட்டது. "நம்ம எல்லாரும் பக்கத்துலயே நின்னோமே கடவாய்" என்றார். தம்பி விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தான். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று நொடியில் பதில் வந்தது.

அவள் பழைய அரட்டைகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், ஏதாவது ஒன்று. ஆறு வருடப் பேச்சில் இருந்ததெல்லாம் வாள், மருந்துப் புட்டி, டிராகன், கோடாலியின் மொக்கை நகைச்சுவை. அப்போது ஒரு படம் வந்து நின்றது.

இரண்டு வருடம் முன்பு நத்தை அனுப்பிய படம். உடைந்த கீழ்ப் பல்செட் ஒன்று செய்தித்தாள் மேல் கிடந்தது. இதை வீட்டிலேயே பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். "ஒட்டினா வாய் வெந்து போகும், பேசாம டாக்டர்கிட்ட போங்க" என்று அவள் திட்டியிருந்தாள். அவர் மைக்கில் பேசாததன் காரணம் அன்றே அவளுக்குப் புரிந்தது. கேட்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். பல்செட்டின் உட்பக்கம், ரோஜா நிற ஈறுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கீற்று. பல்செட் மாறிப் போகாமலிருக்க லேப்புகளில் ஒரு சின்னத் தாளில் எண் எழுதி ஈறுக்குள் புதைப்பார்கள். வெளியாட்கள் கண்ணுக்கு அது அழுக்காகத்தான் தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். ஐந்து எண்கள். அதில் இரண்டு ஏழு. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு, வலது நுனி மேலே வளைந்து.

அந்தக் கோட்டை அவள் எட்டு வருடம் பக்கத்து மேசையில் பார்த்திருக்கிறாள். குட்டையாக இருந்ததால் எல்லோரும் நெட்டை என்று கூப்பிட்ட ஆள். இப்போது வேறொரு ஊரில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறார்.

நான்காவது முறை எடுத்தார்.

"என்ன பல்லக்கா, ஞாயித்துக்கிழமையில ஞாபகம்?"

"அண்ணே, ஒரு நம்பர் சொல்றேன், அது யாரோட பல்லுன்னு பாருங்க. ஆள் ஊசி போட்டுட்டு சாப்பிடாம விழுந்து கிடக்கறாருன்னு நெனைக்கிறேன்."

"எங்க விழுந்து கிடக்கறாரு?"

"தெரியாது."

"பாத்தியா?"

"இல்ல. விளையாட்டுல பாத்தேன்."

அவர் சிரிக்கப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. சிரித்தால் செத்தேன் என்று நினைத்தாள்.

"இங்க பாரு" என்றார் நெட்டை மெதுவாக. "பல்லு போட்டவங்க விவரத்தை வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. உனக்கே தெரியும்."

"எனக்குக் குடுக்க வேணாம் அண்ணே. பேருகூட வேணாம். நீங்க அந்த டாக்டரைக் கூப்பிடுங்க. டாக்டர் அவரைக் கூப்பிடட்டும். எடுத்துட்டார்னா நான் பைத்தியம்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிங்க. எடுக்கலேன்னா ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லுங்க."

"லேப் பூட்டியிருக்கு. நோட்டு உள்ள இருக்கு."

"சாவி?"

செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

"நம்பரை மறுபடி சொல்லு."

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. அச்சம் முழுதாக வந்து உட்கார்ந்தது அப்போதுதான். அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரீனைப் பார்க்க முடியவில்லை. தம்பி அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்காகப் பார்த்தான். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"சுத்துதா?"

"சுத்துது."

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டாள். அவன் அலுக்காமல் சொன்னான். சுற்றும்வரை யாரும் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். நின்றால் என்ன பொருள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். யாராவது வந்து ரப்பர் பேண்டைக் கழற்றியிருக்கலாம். கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். ரப்பர் பேண்ட் தானே அறுந்திருக்கலாம். ஒரு மனிதனின் உயிரைப் பற்றி அந்த உருவத்திடம் கேட்டு அறிய ஒன்றுமே இல்லை. பிளாஸ்டர் அச்சைப் பார்த்து, இந்த வாய் இப்போது சிரிக்கிறதா என்று கேட்பது போல.

நான்கு இருபதுக்குத் தம்பி சொன்னான்: "அக்கா. நின்னுடுச்சு."

அவள் எழுந்து வந்தாள். நாற்பது விளக்குகளின் நடுவே பச்சை அங்கிக்காரன் கிணற்றைப் பார்த்தபடி நின்றான். கோடாலியும் பக்கத்தில் வந்து நின்றார். அவள் ஒரு வரி எழுதினாள்: "யாராவது இருக்கீங்களா?" பதில் இல்லை. கால் மணி நேரம் கழித்து விளையாட்டின் விதிப்படி அவன் மறைந்தான். இருந்த இடத்தில் கல் தரை.

"எனக்குத் தனி ஆட்டம் ஏன் பிடிக்கும்னு தெரியுமா" என்றான் தம்பி. "அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"தெரியும்டா" என்றாள் அவள்.

நெட்டையின் அழைப்பு ஐந்தரைக்கு வந்தது. டாக்டர் கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் கதவை உடைத்திருக்கிறார்கள். சமையலறையில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே கிடந்திருக்கிறார், கையில் கரண்டியோடு. மூச்சு இருக்கிறது. கொண்டுபோயிருக்கிறார்கள்.

"பொழைச்சுடுவாரா?"

"தெரியல பல்லக்கா. அவ்வளவுதான் சொன்னாங்க." பிறகு, "விளையாட்டா? நெசமாவா?" என்றார்.

பதினாறு நாட்கள் எதுவும் தெரியவில்லை. அவள் வேலைக்குப் போனாள். ஒரு நாள் மேல்தாடைப் பற்களைக் கீழ்த்தாடையில் நட்டுவிட்டாள், பத்தொன்பது வருடங்களில் முதல் முறையாக. தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் ஒரு தாளில் எழுதித் தம்பியின் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "நான் உன் முதுகுக்குப் பின்னாலதானே உக்காந்திருக்கேன்" என்றான் அவன். கிழிக்கவில்லை. கோடாலியிடம் நம்பர் கேட்டாள். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுக் கொடுத்தார். கேட்டது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பெயரில்லாமல் இருக்கத்தான் அவரைப் போன்றவர்கள் அங்கே வருகிறார்கள்.

பதினேழாம் நாள், ஞாயிறு வேண்டாமென்று ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் போல, நத்தை வந்தார். மாலை ஆறு மணி. ஹெட்செட்டில் முன்பின் கேட்டிராத ஒரு குரல் கரகரத்தது.

"கடவாய், நான்தான்."

வார்த்தைகள் ஓரங்களில் கசிந்தன. கீழ்ப் பல்செட் போட்டிருந்தார், பொருந்தவில்லை. உடம்பு இளைத்து ஈறு சுருங்கியிருக்கும் என்று அவள் உடனே கணக்குப் போட்டாள். வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

"ஊசி போட்டாச்சு" என்றது குரல். "இனிமே ரப்பர் பேண்ட் கிடையாது. மைக்கைத் திறந்து வச்சுட்டே சாப்பிடறேன். கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும்."

"பரவால்ல. சாப்பிடுங்க" என்றாள்.

"இதைக் காதுல கேக்க நாங்க என்ன பாவம் பண்ணோம்" என்றார் கோடாலி. ஆனால் அவரும் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

மெல்லும் சத்தம் வந்தது. இடது பக்கம் பல்செட் ஒவ்வொரு கடிக்கும் தட்டித் தூக்கியது. இரண்டாவது கடவாய்ப் பல் உயரம் அதிகம், அரை மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஒரு கவளம், இரண்டு, மூன்று. நான்காவதற்கு முன் சத்தம் நின்றது. அவள் கை கன்ட்ரோலரில் உறைந்தது. பின்னால் தம்பியின் நாற்காலியும் அசைவதை நிறுத்தியது.

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பல்செட் மறுபடி தட்டத் தொடங்கியது. அவள் எண்ணுவதைத் தொடர்ந்தாள்.