வலப்பக்கம் பை வைத்த கோட்டு

ஈரத்துணியை விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கம்பளித் துணியிலிருந்து ஆவியோடு ஒரு வாசனை எழும்... பாச்சை உருண்டையும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய சிகரெட்டும் கலந்த வாசனை. எத்தனை முறை தேய்த்தும் அந்தக் கோட்டை விட்டு அது போகவில்லை.

டவுன்ஹால் ரோடு நடைபாதையில் வாங்கியது. வெளிநாட்டுப் பழைய துணி, கப்பலில் மூட்டையாக வந்தது.

என்னோடு கான்வென்ட்டில் படித்த ரோஸலினின் தங்கைக்குத் திருமணம். வகுப்புத் தோழிகள் அத்தனை பேரும் கணவர்களோடு வருவார்கள். எங்கள் சர்ச் திருமணங்களுக்கு ஆண்கள் கோட்டு போட்டுத்தான் வருவது வழக்கம். எனக்கு என் கல்யாணப் பட்டு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. எங்கள் திருமணத்தன்று அவர் போட்டிருந்தது அவருடைய அண்ணனின் கோட்டு. மறுவாரமே திரும்பிப் போய்விட்டது.

டையும் அதே நடைபாதையில்தான். ஷூ, அவர் ஆபீஸ் நண்பருடையது. ஒரு சைஸ் பெரிது, நுனியில் பஞ்சு அடைத்தேன்.

இரவல், பழசு என்று யாருக்கும் தெரியக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் முக்கியமாக இருந்தது. பள்ளியில் நான் க்ளாஸ் லீடர்.

கோட்டின் தோள்பட்டை வெளுத்திருந்தது. அவனியாபுரத்தில் எங்கள் தெரு முனையில் இருந்த டெய்லர் லைனிங்கைப் பிரித்துப் பார்த்தார். "டீச்சரம்மா, உள்பக்கம் புதுத்துணி கணக்கா இருக்கு. அம்புட்டையும் பிரிச்சு, உள்ளதை வெளிய திருப்பித் தைச்சுருவோம். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

கையின் நீளம், காலர், தையல் எல்லாம் சரிபார்த்துத்தான் வாங்கி வந்தேன். குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

திருமணத்தன்று காலை அவர் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் பார்த்தேன். மார்புப் பை வலப்பக்கம் இருந்தது.

துணியைத் திருப்பினால் பையும் பக்கம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொத்தானும் பெண்கள் சட்டைபோல மாறியிருந்தது. பொத்தானைப் போடாமல் விட்டுவிடலாம். பையை என்ன செய்வது? கோட்டு போட்டுப் பழகியவர்கள் ஒரே பார்வையில், இது திருப்பித் தைத்த கோட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

"விடு ஸ்டெல்லா, என் பையை யாரு பாக்கப் போறா?" என்றார்.

நான் விடவில்லை. இரண்டு வயது லீனாவைத் தூக்கி அவருடைய வலது கையில் கொடுத்தேன். "இறக்கவே கூடாது. அவ தலை இந்தப் பை மேலேயே இருக்கட்டும்."

அவர் இறக்கவில்லை. பூசை முழுவதும், ஹாலில், குரூப் போட்டோவில்... சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, "கை மரத்துப்போச்சு" என்று உதட்டை அசைத்தார். நான் கண்ணாலேயே கூடாது என்றேன்.

"என்னடி, உன் வீட்டுக்காரர் பிள்ளைய கீழயே விட மாட்டேங்கிறாரு? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே" என்றாள் ரோஸலின். எனக்குப் பெருமையாக இருந்தது.

பந்தியில் அவர் உட்காரவில்லை. வலது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கல்யாணப் பிரியாணி என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே அதைப் பற்றிப் பேசுகிற மனிதர். நான் தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரசம் சோறு போட்டேன். வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மெதுவாகச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "கறி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"வேகவே இல்லை" என்றேன். பொய். பஞ்சு போல வெந்திருந்தது.

போன வாரம் அவருடைய நினைவுநாள். லீனா அந்த குரூப் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு, "அப்பா என்னை ஒரு நிமிஷம்கூட இறக்கி விட்டதில்லை" என்று எழுதியிருந்தாள். நானும் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு லீனாவின் மகள் வந்து அந்தக் கோட்டைக் கேட்டாள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், பொத்தான்கூட அவளுக்குச் சரியாக இருந்தது. "பை இந்தப் பக்கம் இருக்கு, செம அம்மாச்சி." தோழியின் திருமணத்துக்கு அதைத்தான் போட்டுப் போனாள். தாத்தாவுடையது, தாத்தா வாங்கும்போதே அது செகண்ட் ஹேண்ட் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் அனுப்பிய போட்டோவில் கையில் பிரியாணித் தட்டு. பையில் ஒரு ரோஜாப்பூ.

அன்றைக்கும் இவ்வளவு சுலபமாகவா இருந்திருக்கும்?

லீனா, நீயும் இதைப் படிப்பாய். உன் அப்பாவின் பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. அன்று உன்னை இறக்க விடாதது நான்.

அவர் போனபோது புதுக் கோட்டுதான் போட்டோம். பை இடப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில். அந்த நேரத்திலும் அதைச் சரிபார்த்தேன். பெட்டியில் வைத்து, வழக்கப்படி இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் மடித்து வைத்தார்கள். வலது கை சற்று நழுவி வலப்பக்க மார்பில் போய் நின்றது.

அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. இனிமேல் கையை எடுத்துவிடுங்க என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது... அதைச் சொல்ல எனக்குத்தான் ரொம்பத் தாமதமாகிவிட்டது.