படுத்திருப்பவருக்கு ஒரு விளக்குக்கூடு

தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு என் கணவருக்கு வெளிச்சமே ஆகாமல் போயிற்று. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர்; கொளுத்தும் வெயிலில் தலைக்கு ஒரு துண்டுகூடக் கட்டாத மனிதர். இப்போது கூடத்துக் கட்டிலில் படுத்தபடி, பல்பைப் போட்டாலே கையால் கண்ணை மூடிக்கொண்டார். அணைத்தாலோ, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் தவித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வீட்டில் தங்கியதே இப்போதுதான். முகம் பார்த்துப் பேசவாவது கொடுத்துவைக்க வேண்டாமா?

எனக்குக் காகிதம் மடிக்க வரும். அஸ்தம்பட்டியில் ஒரு கடைக்கு விளக்குக்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தடித்த தாளில் முதலில் கோடுகளை அழுத்திவிட வேண்டும். ஒன்று மேடாக, அடுத்தது பள்ளமாக மடித்து வட்டமாக வளைத்தால் சேலைக் கொசுவம் போல விரிந்து நிற்கும். அப்படி ஒன்று செய்து அவர் தலைக்கு மேலிருந்த பல்புக்கு மாட்டினேன். நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன்; எனக்கே பெருமையாக இருந்தது. அவர் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் அவருடைய அண்ணன் அவரைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார். விரிப்பை மாற்ற வந்த நான் அலுப்பில் அப்படியே கட்டிலில் சாய்ந்தேன். கூட்டின் திறந்த அடிவழியாகப் பல்பு நேராகக் கண்ணைக் குத்தியது. நிற்பவர்களுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் செய்தே பழகிய கை. படுத்திருப்பவருக்கு அது மறைப்பே இல்லை.

அடியிலும் மூடுகிற மாதிரி மடிப்புகளை மாற்றினேன். நுனிகள் சேரும் இடத்தில் தாள் கிழிந்து கிழிந்து வீணாயிற்று. ஒருவழியாகச் சேர்ந்தபோது, மாட்டிவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்தேன். கண் கூசவில்லை. அவரும் மெதுவாகக் கையை எடுத்தார்.

"இப்பத்தான் உம்பட மொகம் தெரியுது அம்மிணி" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பேசினோம். போன ஊர்களை, தண்ணீர் வராத குழிகளை எல்லாம் சொன்னார். மாசியில் இறந்துபோனார்.

அன்று அந்தியில் திருச்செங்கோட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கினார்கள். கட்டில் கிடந்த இடத்திலேயே அவரைக் கிடத்தியிருந்தோம். முகம் பார்க்க வருகிறவர்களுக்கு மங்கலாக இருக்கிறது, கழற்றட்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் அண்ணன் கூட்டைக் கழற்றினார். நானும் தலையாட்டியிருக்கிறேன். வெளிச்சம் பளீரென்று அவர் முகத்தில் விழுந்தது. நான் பதறி எழுந்து அவர் கண்கள்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"கண்ணு மூடித்தான் இருக்குது, கையை எடு சாமி" என்றார் என் நாத்தனார்.

மூடித்தான் இருந்தது. எனக்குத் தெரியும். கையை எடுக்க என்னால் முடியவில்லை.