மணி நாலு பத்து

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேயோட்டி அக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் காது கிழிந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவர். அங்கிருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பதுதான் இப்போது அவர் வேலை. அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பவன் நான்.

பிழைத்தவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு புதன்கிழமை எங்கள் அறை வாசலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் கூரை முழுக்க எறும்பு ஊர்ந்தது என்பார். ஒரு அம்மா, தன்னைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்தார்கள் என்று சத்தியம் செய்வார். அக்கா வாதாட மாட்டார். படுத்திருந்த கட்டிலுக்கே அழைத்துப் போய்க் காட்டுவார். எறும்பு, கூரைப் பலகையில் இருக்கும் துளைகள். தண்ணீர், சளி உறிஞ்சும் குழாயின் சத்தம். கண்ணால் பார்த்ததும் பாதி பயம் போய்விடும்.

"எல்லாப் பேய்க்கும் ஒரு பிளக் பாயின்ட் இருக்குடா" என்பார் என்னிடம், பெருமையாக.

அந்தப் புதன்கிழமை ஒரு தையல்காரர் வந்தார். பேசியது மனைவிதான்.

"சிஸ்டர், இவரு தான் செத்துப்போயிட்டதா சொல்றாரு. சாயங்காலம் நாலு மணி தாண்டுனா முகத்த மூடிக்கிட்டு நேரா படுத்துக்கிறாரு. பொணத்துக்கு எதுக்கு சோறுன்னு கேக்குறாரு. இப்படியே போனா நெஜமாவே..."

தையல்காரர் சாதுவாகச் சிரித்தார். நான் நாடி பிடித்துப் பார்த்தேன். "மோட்டார் ஓடுது தம்பி. ஊசியில நூல் இல்ல" என்றார்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தார். நீளமான உறை. கழுத்தும் இல்லை, கையும் இல்லை. தையல் அவ்வளவு நேர்த்தி. "தன்னைத்தானே டேப் வச்சு அளந்து தச்சாரு" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அக்கா வழக்கம்போலக் கட்டிலுக்கு அழைத்துப் போனார். அன்று அது காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலே தையல்காரர் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு பொம்பளக் குரல். தலைமாட்டுல. 'மணி நாலு பத்து. எழுதிக்கோ. முகத்த மூடிடு'ன்னுச்சு. நான் இருக்கேன்னு சொல்லணும். விரலக்கூட அசைக்க முடியல."

அக்கா பிளக் பாயின்ட்டைக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ வெளிறிப்போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டு, தையல்காரரின் தலைமாட்டில் அவருக்கு முதுகு காட்டி நின்றார்.

"மணி நாலு பத்து. எழுதிக்கோ. முகத்த மூடிடு."

தையல்காரர் கண்ணைத் திறந்தார்.

"நீங்களா?"

"நான்தான் ஐயா. போனது பக்கத்துக் கட்டில்காரரு. டாக்டர் சொல்லிட்டுப் போனதும், கூட இருந்த சின்ன நர்ஸுகிட்ட சொன்னேன். உங்க தலைமாட்டுல நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன். தப்பு என்னோடது."

தையல்காரர் திரையைப் பார்த்தார். "அவரு எவ்வளவு உயரம்?"

"உங்களவிட நல்ல உயரம்."

"அப்போ அந்தத் துணி அவருக்குப் பத்தாது" என்றவர், எழுந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். மனைவி ஓடினார்.

இப்போது அந்தப் பிரிவில் யார் இறந்தாலும் ஒரு நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், மயக்கத்தில் கிடப்பவர் காதில் சொல்கிறார்: "உங்கள இல்ல. நீங்க இருக்கீங்க." அக்கா போட்ட சட்டம்.

அவருக்கு அது போதவில்லை. பதினெட்டு வருடப் பதிவேடுகளையும் இறக்கி வைத்துக்கொண்டு, யாரோ இறந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்து பிழைத்தவர்களைத் தேடிப் போன் போட ஆரம்பித்தார். முதல் இரண்டு பேர் நலம். மூன்றாவது போனை ஒரு பெண் எடுத்தார்.

"அப்பாவா? இப்ப பேச மாட்டாரு. ஆறு வருஷமா தினமும் இந்த நேரத்துக்குப் போத்திக்கிட்டுப் படுத்துடுவாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. நீங்க யாரு பேசுறது?"

அக்கா பதிவேட்டில் அவர் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"போனை அவரு காதுல வைம்மா. என் குரல் அவருக்குத் தெரியும்."