அம்மாவின் பெயரை நான் சொல்லவில்லை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் முதல் பக்கத்தில் அம்மாவின் படத்துக்குக் கீழே ‘அபிராமி அம்மாள்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பாதிப் பேராவது, “ஓ, இதுதான் இவங்க பேரா?” என்று நினைத்திருப்பீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் மைசூரில் வாழ்ந்த அம்மாவை அந்தப் பெயரால் கூப்பிட இங்கே ஒருவர்கூட இருந்ததில்லை.

“நீதான் ஆபீஸ்ல எழுதிப் பழகினவ. அம்மாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது” என்றார் அண்ணன். நல்லதை எழுதுகிறேன். ஆனால் நான் செய்த ஒரு கெட்ட காரியத்தையும் சேர்த்து எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க என்னால் ஆகாது. அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அம்மா மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு, நான்கு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்தவர். திருக்கடையூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பெண் என்பதால் அம்மன் பெயரையே வைத்தார்களாம். தன் அப்பாவுக்கு அவர் ராமி. அண்ணன்மார்களுக்கு அபி. பள்ளிக்கூட டீச்சருக்கு அபிராமு. முழுப் பெயரும் வந்தால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். இதையெல்லாம் அம்மா சொல்லும்போது யாரோ கொடுத்த பலகாரங்களை வரிசையாகச் சொல்வதுபோல் இருக்கும்.

பதினெட்டு வயதில் கல்யாணம். எங்கள் அப்பா மைசூரில் ஃபிட்டராக இருந்தார். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்றரை அறை வீடு. அப்பாவுக்குப் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம்; தொண்டையைச் செருமுவார், அம்மா வந்துவிடுவார். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கு அவர் ‘தமிளம்மா’. எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு அம்மா ஒரு பழைய தையல் மெஷினை வாங்கி ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் ‘டைலரம்மா’.

மண்டி மொஹல்லாவுக்கு நடந்தே போய் லைனிங் துணியும் கொக்கியும் நூலும் வாங்கி வருவார். தமிழ், கன்னடம், உருது என்று மூன்றிலும் பேரம் பேசுவார், மூன்றிலும் தப்புத் தப்பாக. தைத்தது போக மிஞ்சிய துணியை, விரல் அகலம்தான் இருந்தாலும், ஜாக்கெட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவார். அண்ணனை டிப்ளமோவும் என்னை பி.காமும் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். எங்களிடம் எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால்கூட, “எனக்கு எதுக்குடி, இருக்கறதையே கட்டி முடியல” என்பார்.

அப்படிப்பட்ட அம்மா ஒரே ஒரு தடவை ஒன்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

அண்ணனுக்குக் கொள்ளேகாலத்தில் பெண் எடுத்தோம். அண்ணி புவனா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ப் பெண் குழந்தை பெற்றார். முப்பதாம் நாள் தொட்டில் போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் வழக்கப்படி, தொட்டிலில் போடும்போது குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியது அத்தை. அதாவது நான். அத்தை வாயில் வருவதுதான் பெயர். அதை அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள். அம்மாவும் நானும் காலை பஸ்ஸில் கிளம்பினோம். நரசிபுரம் தாண்டியதும் அம்மா என் கையைத் தட்டினார்.

“ஒண்ணு சொல்லுவேன். சிரிக்கக் கூடாது.”

“சொல்லும்மா.”

“கொழந்தைக்கு என் பேரை வைக்கலாமான்னு கேக்கறியா?”

நான் சிரிக்கவில்லை. ஆனால் உடனே சரி என்றும் சொல்லவில்லை. அம்மா மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டார். “புவனாவுக்கு மாமியார் பேரைச் சொல்ல வாய் வராது, பாவம். திட்டணும்னாலும் சங்கடம். அதுக்கும் யோசிச்சு வச்சிருக்கேன். முழுப்பேரு ஸ்கூலுக்கு மட்டும் இருக்கட்டும். வீட்டுல அபின்னு கூப்பிடட்டும். அபிக்குட்டி. அபிம்மா. இல்லேன்னா ராமி, எங்கப்பா கூப்பிட்டது. யாராவது அபீன்னு கொழந்தையைக் கூப்பிட்டா நானும் ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கறேன். அவ்வளவுதான்டி.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் கேட்டா மாமியார் அதிகாரம்னு ஆயிடும். நீ கேளு. அவளுக்கு இஷ்டம்னா சொல்லு. இல்லேன்னா விட்டுடு” என்றார்.

“சரிம்மா, பாக்கறேன்” என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக அம்மாவின் பெயரையும் சொன்னேன். பக்கத்து சீட் நிர்மலா, “அபிராமியா? கொழந்தை பொறக்கும்போதே மூக்குக்கண்ணாடி போட்டுட்டு வருமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். அன்று எல்லோருக்கும் பிடித்த பெயர் ஸ்வேதா.

கொள்ளேகாலம் போய்ச் சேர்ந்ததும் அண்ணனே ஆரம்பித்தார். “நாங்க எந்தப் பேரும் யோசிக்கல. உன் வாயில வர்றதுதான்.” பக்கத்தில் அண்ணி குழந்தைக்கு மை வைத்துக்கொண்டு, “நல்ல பேரா சொல்லுங்க” என்று சிரித்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. என் அண்ணன் மகளை ஆபீஸுக்குத் தூக்கிப் போய், “பேரு அபிராமி” என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

தொட்டிலுக்கு அருகில் அம்மா வரவில்லை. கணவரை இழந்தவர்கள் சுபகாரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவரே சமையலறை வாசலில் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னேன். நிமிர்ந்து சபைக்குக் கேட்கும்படி ஒரு தடவை சொன்னேன். ஸ்வேதா.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் கிண்ணத்தைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்து, “நல்ல பேரு, எல்லாருக்கும் சர்க்கரை குடும்மா” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டார். “கேட்டியா அவகிட்ட?”

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? பாவி நான், “கேட்டேம்மா. அண்ணிக்கு இஷ்டம் இல்ல. மாமியார் பேரை எப்படி வாய் நிறையக் கூப்பிடறதுன்னாங்க” என்றேன். அம்மாவே எனக்கு எடுத்துக் கொடுத்த காரணத்தை எடுத்து அண்ணியின் தலையில் போட்டேன்.

“அபின்னு கூப்பிடலாம்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“சரி. அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கடவுள் சும்மா இருப்பாரா? இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பெயருக்கு எங்கிருந்தோ மவுசு வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தமிழ்க்காரர் பெண்ணுக்கு அபிராமி. சந்து முனையில் இன்னொன்று. பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் அபிநயா என்று வைத்து அபி என்று கூப்பிட்டார்கள். மாடிவீட்டுக் கன்னடக்கார அம்மா, “அபிராமி, ஹெசரு சென்னாகிதே” என்று பெயரை மெச்சித் தன் பேத்திக்கும் வைத்தார். சாயங்காலம் சந்தில் பிள்ளைகள் விளையாடும்போது, “அபீ, அபீ” என்று ஒரே கூச்சல். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அம்மாவின் கால் மெஷின் பெடலில் ஒரு கணம் நிற்கும். பிறகு தைப்பார். நிர்மலாவுக்குப் பெண் பிறந்தபோது அவள் என்ன பெயர் வைத்தாள் என்று நினைக்கிறீர்கள்? “பழைய பேருன்னாலே இப்ப ஒரு கிளாஸ்டி” என்றாள். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சந்தோஷமாகவே, “வைக்கட்டுமே, நல்ல பேருதானே” என்றார். அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

சென்ற வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். நான் லீவு எடுத்துக்கொண்டு பகலில் வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். துடைத்து விட்டது, புரட்டிப் படுக்க வைத்தது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது, எல்லாம் அண்ணி. ஒரு நாள் புதிதாக வந்த நர்ஸ் சீட்டைப் பார்த்து, “அபிராமி! அபிராமி யாரு?” என்று கூப்பிட்டார். கண் மூடிக் கிடந்த அம்மா சட்டென்று கண்ணைத் திறந்து, வராத கையைத் தூக்கப் பார்த்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அன்றே சொல்லிவிடுவது என்று அவர் காதருகில் குனிந்தேன். “அம்மா, அன்னிக்குப் பேரு வைக்கும்போது…” என்று தொடங்கினேன். அம்மா குழறலாக, “விடு. இப்ப எதுக்கு” என்றார். அந்த நேரம் அண்ணி கஞ்சியோடு உள்ளே வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு நான்காம் நாள் அம்மா போய்விட்டார், தன் பெயர் வேண்டாம் என்று சொன்னவர் கையால் கஞ்சி குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே.

அம்மாவின் கடைசி நாட்களில் துணை நின்ற டாக்டர்கள், நர்ஸ்கள், ஆட்டோ கொண்டு வந்து வாசலில் காத்திருந்த பக்கத்துவீட்டுப் பையன்கள், ஊரிலிருந்து ஓடி வந்த மாமன்மார்கள், தைத்த துணியை வாங்க வந்து கண்ணீரோடு திரும்பிய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணிக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவரிடம் ஊரறிய மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை கொண்டு போனேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே கடைசிவரை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“கல்யாணமான புதுசுல அத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை ‘புவனா, புவனா’ன்னு கூப்பிடுவாங்க” என்றார். “தொட்டில் போட்டப்புறம் ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லலைங்க. ‘ஏம்மா’தான். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவங்க போற வரைக்கும் யோசிச்சுட்டே இருந்தேனுங்க.”

தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தார்.