சிறுத்தையின் இடது தோள்

வனத்துறை அலுவலகத்தில் அவளைக் ‘கையெழுத்தக்கா’ என்பார்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மனுவைத் திருப்பி நீட்டிவிடுவாள். அந்தக் கண்டிப்பு கூடப் பிறந்ததல்ல, வயிற்றெரிச்சலில் வந்தது. வனக்காவலராக இருந்த அவள் கணவரைக் கள்ள வேட்டைக் கும்பல் சுட்டுக் கொன்றது. ஏவியவன் மரக்கடை முதலாளி என்று ஊருக்கே தெரியும். ஆனால் சாட்சியின் வாக்குமூலத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முதலாளி தப்பிவிட்டான். தீர்ப்பன்று கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் இருந்தவளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கொடுத்தார்கள். கருணையாம்!

ஏழு வருஷம் கழித்துப் புதுச் சட்டம் வந்தது. சுடுகிறவனை மட்டும் பிடித்துப் பயனில்லை, தோலை வாங்கி வைத்திருப்பவனையும் பிடிக்க வேண்டும் என்றது அது. பரம்பரையாகத் தோல், கொம்பு வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் உரிமைச் சான்று உண்டு. பொய் சொன்னால் சிறை. பழையது என்று நிரூபிப்பதும் அவரவர் பொறுப்பு.

“திருட்டுப் பயல்களுக்கு மன்னிப்பு வேறயா” என்று அவள் பொருமினாள்.

கடைசி வாரம் முதலாளியே வந்தான். சிறுத்தைத் தோலின் படத்தை மேஜையில் வைத்தான்.

“எங்கப்பா காலத்துதும்மா. நாப்பது வருஷமாச்சு.”

இடது தோளில் மூன்று புள்ளிகள் ஒட்டியிருந்தன, மேலே ஒரு வளையம் உடைந்திருந்தது. அவள் படத்தை அருகே இழுத்துக்கொண்டாள். கணவர் காட்டு மரங்களில் கட்டிய கேமராக்களின் படங்களை விலங்குவாரியாகக் கோப்பில் ஒட்டியவள் அவள்தான். ஒரு சிறுத்தையின் புள்ளி இன்னொன்றுக்கு அமையாது. இந்தச் சிறுத்தை, அவர் சாவதற்கு ஆறு நாள் முன்பு அவர் கேமரா முன்னால் உயிரோடு நடந்துபோயிருந்தது.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் மனுவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான், தோலையும் எரித்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க சார். ஒவ்வொரு பக்கமா படிக்கிறேன், சரின்னா கையெழுத்துப் போடுங்க.”

“இவ்வளவு எதுக்கும்மா?”

“உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதில்ல.”

பதினொரு கையெழுத்து. படத்தின் பின்புறமும் ஒன்று. நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் மனுவோடும் கேமராப் படக் கோப்போடும் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். மாலைக்குள் அவன் வீட்டுச் சுவரிலிருந்து தோலை இறக்கிவிட்டார்கள்.

வழக்கில் அவன் வக்கீல் தலைகீழாக நின்று பார்த்தார், ஒரு பக்கத்தில்கூட ஓட்டை கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு சிறை. கொலைக்கு அல்ல, தோலுக்கு. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

நீதிமன்ற நடையில் அவளைக் கண்டு அவன் நின்றான்.

“யாரும்மா நீ? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

அவனுக்கென்று எத்தனையோ வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

“அந்தக் கேமராவ மரத்துல கட்டினவரோட பொண்டாட்டி.”

அவன் முகம் செத்துப்போனது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவனை வண்டியில் ஏற்றும்வரை நின்று, கண் குளிரப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.